சூடாக வளர்ப்பதா, வளர்த்தபின் சூடாக்குவதா?

காந்த மென்படலத்தின் (ஓர் அடித்தளத்தின்மேல் படியவைக்கும் மிக மெல்லிய காந்தப் பொருளின்) தரத்தைக் கூட்டப் பலரும் கையாளும் வழி இரண்டு: அடித்தளத்தைச் சூடாக்கிக்கொண்டே படியவைப்பது, அறை வெப்பநிலையில் படியவைத்து அப்புறம் சூடாக்கிப் பதப்படுத்துவது.

முதல் வழியில், வந்து விழும் அணுக்கள் மேற்பரப்பில் நகர்ந்து சரியான இடம் பிடிக்கின்றன. இரும்பு-பிளாட்டினத்தில் அடுக்கொழுங்கு (இருவகை அணுக்களும் மாறிமாறி அடுக்காக அமைவது) நன்றாக வர 500 டிகிரி செல்சியஸ் போல வேண்டும். ஆனால் அணுக்கள் அதிகம் ஓடினால் படலம் தீவுகளாகத் திரண்டுவிடும். கோபால்ட்-பிளாட்டினம் போன்ற மெல்லிய பல்லடுக்குகளிலோ எல்லைகள் கலந்து, செங்குத்துக் காந்தத்தன்மை (காந்தத் திசை படலத்துக்குச் செங்குத்தாக நிற்கும் இயல்பு) கெடும். அங்கே இந்த வழி வேண்டவே வேண்டாம்.

காந்தச் சுரங்கச் சந்திகளுக்கு (இரு காந்த அடுக்குகளின் நடுவே, எலக்ட்ரான்கள் ஊடுருவும் மெல்லிய மின்காப்பு அடுக்கு கொண்ட அமைப்புகளுக்கு) இரண்டாவது வழிதான் என் தேர்வு. காந்த அடுக்கான கோபால்ட்-இரும்பு-போரான் படிகமற்ற நிலையில் வழவழப்பாகப் படியும். அதன்மேல் மின்காப்பு அடுக்கான மெக்னீசியம் ஆக்சைடு ஒழுங்காக வளரும். பிறகு 300 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் போரான் வெளியேற, ஆக்சைடின் அமைப்பையே அச்சாகக் கொண்டு உலோகம் படிகமாகிறது. அழகான ஏற்பாடு. சூடான தளத்தில் நேராக வளர்த்தால் இந்த வரிசை குலைந்துவிடும்.

இட்ரியம் இரும்புக் கார்னெட் என்ற காந்த ஆக்சைடுக்கு இரண்டு வழியுமே ஒத்துவரும். அதற்கு அணு இடைவெளி பொருந்தும் கடோலினியம் கேலியம் கார்னெட் தளம் கிடைப்பதுதான் பெரிய விஷயம்.