ஏழு கோடை ஓடிய ஏசி: கேஸ் போட்டே கழிந்த மூன்று வருஷம்

2019 சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம் வாங்கியது. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, உள்ளே குளிரூட்டும் கேஸ் ஆர்32. வில்லாபுரத்தில் எங்களுடையது மேல்மாடி வீடு, பகலெல்லாம் தளம் காய்ந்து ராத்திரி பதினொரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும், அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது என்றுதான் கடன் சொல்லி வாங்கினேன்.

முதல் இரண்டு கோடை குறையே இல்லை. 2021-ல் கூலிங் குறைந்தது. வந்த மெக்கானிக் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்து, "கேஸ் இறங்கிருச்சு சார்" என்று நிரப்பிவிட்டு 2,500 ரூபாய் வாங்கிப் போனார். அடுத்த வருஷமும் அதே, அதற்கடுத்த வருஷமும் அதே. வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டியதுதான் போல என்று நானும் நம்பிவிட்டேன்.

2024 மே மாதம், கத்திரி வெயிலில் மறுபடி கூலிங் நின்றது. பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லி வேறு ஒரு தம்பி வந்தார். சிலிண்டரைத் தொடவே இல்லை. ஒரு கப்பில் ஷாம்பு கரைத்து, அவுட்டோர் யூனிட்டில் செம்புக் குழாய் சேரும் நட்டின் மேல் நுரையைத் தடவிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கடுகு அளவுக்கு ஒரு குமிழி. அது உடைந்து, அதே இடத்தில் இன்னொன்று. "அண்ணே, கேஸ் சுத்திக்கிட்டே இருக்கிறது, தீர்ந்து போறது இல்ல. குறைஞ்சா எங்கயோ லீக்னு அர்த்தம்" என்றார்.

உள்ளே ஆவியாகி அறைச் சூட்டை எடுத்து, வெளியே திரவமாகி அதை விட்டுவிட்டு, மூடிய குழாய்க்குள்ளேயே திரும்பத் திரும்ப ஓடுவதுதான் அந்தக் கேஸ். மூன்று வருஷம் ஒருவரும் இதைச் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

குழாய் முனையை வெட்டி, நட்டில் இறுக்கமாகப் பொருந்தும்படி புதிதாக விரித்துவிட்டார் (ஃப்ளேர் என்பார்கள்), இன்னும் லீக் உண்டா என்று தெரிய நைட்ரஜன் ஏற்றி ஒரு மணி நேரம் கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்த்தார், பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தார் (வேக்கம்), பிறகு யூனிட் ஸ்டிக்கரில் இருந்த அளவுக்கு கேஸைத் தராசில் நிறுத்துப் போட்டார். 4,800 ரூபாய். அதற்குப் பிறகு ஒரு கிராம் கூடப் போடவில்லை.

இன்னொன்று, குழாயில் ஐஸ் கட்டினால் உடனே கேஸ் பிரச்சினை என்று பயப்பட வேண்டாம், ஃபில்டரில் தூசி அடைத்தாலும் கட்டும். எங்கள் தெருப் புழுதிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுகிறேன். பங்குனியில் ஒரு வாட்டர் வாஷ். 24-ல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார். மத்தியானம் மூன்று மணிக்கு மட்டும் இன்றும் திணறுகிறது, அது தளத்துச் சூடு, மாடிக்கு வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடித்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

கூலிங் இல்லை என்று ஆளைக் கூப்பிடும்போது, நைட்ரஜனும் தராசும் கொண்டுவருவீர்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.