எடின்பரோவில் கில்ட் வாங்கப் போகிறீர்களா? ‘முழு செட்’ என்றால் உஷாராக இருங்கள்

எடின்பரோவில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஒரு தெருவில், ஒரு கடையில் 420 பவுண்டு கொடுத்து கில்ட் செட் வாங்கி ஏமாந்திருக்கிறேன். கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், பின்னால் கொசுவம் வைத்த பாவாடை போன்ற உடை. கடையின் பெயரைப் போடவில்லை. அதே ரகத்தில் வேறு கடைகளும் இருக்கின்றன. கோடையில் இங்கே கல்யாணங்கள் வரிசையாக வரும். வேலைக்கும் படிப்புக்கும் வந்த நம் பிள்ளைகள் பலர், நண்பன் கூப்பிட்டான் என்று ஆசையாகக் கில்ட் தேடிப் போகிறார்கள். அவர்கள் காசு போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பனுக்குப் பெர்த்ஷயரில் கல்யாணம். நாலு பேரைத் தன் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தான், அதில் நானும் ஒருவன். “நான் தமிழன், எனக்கென்று குலமோ அதற்கொரு டார்ட்டனோ கிடையாதே, நான் கட்டலாமா?” என்று கேட்டேன். டார்ட்டன் என்றால் குறிப்பிட்ட நிறங்களில் கட்டம் போட்டு நெய்த துணி; ஸ்காட்லாந்தில் குலங்களுக்கென்று தனித்தனி டார்ட்டன் உண்டு. பிளாக் வாட்ச் என்ற டார்ட்டன் போதும் என்றான். அது ராணுவப் படைப்பிரிவின் துணி, அரசாங்க டார்ட்டன் என்றே ஒரு பெயர் உண்டு; எந்தக் குலத்தையும் சேராதவர்கள் தாராளமாகக் கட்டலாம். கருநீலம், பச்சை, கறுப்பு, இந்த மூன்று நிறம்தான். நாலு பேரும் அதையே கட்டுவது என்று முடிவானது. கூடவே ஒன்று அழுத்திச் சொன்னான்: “மாடர்ன் கேட்டு வாங்கு.”

இது முக்கியம். ஒரே கட்டம், ஒரே டார்ட்டன், ஆனால் சாயத்தில் பல வகை உண்டு. ‘ஏன்ஷியன்ட்’ என்றால் பழைய துணி என்று பொருள் இல்லை; பழைய காலத்துத் தாவரச் சாயம் போல வெளுப்பான நிறங்களில் நெய்தது. ‘வெதர்டு’ வெயிலிலும் மழையிலும் கிடந்து மங்கியது போல இருக்கும். ‘மாடர்ன்’ அடர்த்தியான நிறம். பிளாக் வாட்சில் மாடர்ன் தூரத்தில் பார்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பு; ஏன்ஷியன்டில் நீலமும் பச்சையும் பளிச்சென்று பிரிந்து தெரியும்.

கடையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். சுத்தக் கம்பளி, 8 கெஜம், இங்கேயே கையால் தைப்பது, மூன்று வாரத்தில் தயார் என்றார்கள். அளவு எடுக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பேன்ட் சைஸ் என்ன என்று கேட்டு 34 என்று எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். கில்ட் பேன்ட் போல இடுப்பெலும்பில் நிற்பதில்லை. தொப்புள் உயரத்தில் கட்டி, கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் மேல்பக்கம் வரை வர வேண்டும். அதனால் நிற்க வைத்து தொப்புள் சுற்றளவு, பின்புறச் சுற்றளவு, தொப்புளிலிருந்து முழங்கால் வரை நீளம் என்று டேப் வைத்து எடுப்பார்கள். டேப் எடுக்காத கடையில் கில்ட் தைக்கக் கொடுக்காதீர்கள்.

ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையும் என்றார்கள். 250 ரொக்கம், 170 டெபிட் கார்டு. ரசீதில் ‘கில்ட் செட் 1’ என்று மட்டும் இருந்தது. கம்பளி என்றோ, எத்தனை கெஜம் என்றோ, மாடர்ன் என்றோ ஒரு வார்த்தை இல்லை. கையால் தைத்த 8 கெஜக் கில்ட் ஒன்றே பெரும்பாலும் அந்த விலையைத் தாண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் ஐந்து வாரமானது. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பெட்டி வந்தது. திறந்தால் ஏன்ஷியன்ட். போன் செய்தால், “மாடர்ன் ஸ்டாக் இல்லை சார், இரண்டும் பிளாக் வாட்ச்தானே” என்கிறார்கள்.

மற்ற சாமான்களை எடுத்துக் கட்டில்மேல் பரப்பினோம். பளீர் வெள்ளையில் நைலான் ஹோஸ், அதாவது முழங்கால் வரை வரும் காலுறை. அதில் செருக சிவப்பு ஃப்ளாஷ். கில்ட்டின் முன்னால் தொங்கவிடும் பையான ஸ்போரன், பழுப்புத் தோலில். பொன்னிறப் பக்கிள் வைத்த பழுப்பு பெல்ட். ஜாக்கெட் பிரின்ஸ் சார்லி என்ற வகை, கறுப்பு, பட்டன்கள் வெள்ளி நிறம், ஷூ கறுப்பு. என் மனைவி பார்த்த உடனேயே, “இந்தச் சிவப்பு இதுல எங்கங்க இருக்கு?” என்றாள். அதுதான் சரியான கேள்வி. ஃப்ளாஷ் என்பது முழங்காலுக்குக் கீழே ஹோஸின் மடிப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் சின்ன நாடா. அதன் நிறத்தை டார்ட்டனுக்குள் இருக்கும் ஒரு நிறத்திலிருந்து எடுப்பதுதான் வழக்கம். பிளாக் வாட்சில் சிவப்பு ஒரு இழைகூட இல்லை. பச்சையோ நீலமோ கொடுத்திருந்தால் போதும். ஹோஸும் அப்படித்தான். வெள்ளையும் கிரீமும் வாடகைக் கடைகளால் பரவிய பழக்கம். பிளாக் வாட்சுக்குக் கரும்பச்சையோ கருநீலமோ போட்டால் கால் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது.

தோல் எல்லாம் ஒரே நிறம், உலோகம் எல்லாம் ஒரே நிறம் என்பதுதான் வழக்கம். கறுப்பு ஷூவென்றால் ஸ்போரனும் கறுப்பு; ஜாக்கெட் பட்டன் வெள்ளியென்றால் ஸ்போரனின் மேல்பட்டை, சங்கிலி, கில்ட் பின் எல்லாமே வெள்ளி நிறம். பிரின்ஸ் சார்லி ஜாக்கெட்டை வெயிஸ்ட்கோட்டோடு போட்டால் பெல்ட்டே வேண்டாம், அது உள்ளே மறைந்துவிடும். என்னிடம் பெல்ட்டுக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். வெறும் தோல் ஸ்போரன் பகலில் சாதாரணமாகப் போடுவது. மாலை விருந்து உடைக்கு ரோமம் வைத்து வெள்ளிப்பட்டை போட்டதுதான் பொருத்தம்.

ஜாக்கெட்டும் எனக்குத் தேவையில்லாத ஒன்று. பிரின்ஸ் சார்லி அடிப்படையில் மாலை உடை, போ டை கட்டிப் போடுவது. பகல் கல்யாணத்துக்கும் இங்கே நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள், தப்பென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் நிகழ்ச்சி மதியம் ஒரு மணிக்கு. ஆர்கைல் ஜாக்கெட் வாங்கியிருந்தால் சாதாரண டையோடு அன்றைக்கும் போட்டிருக்கலாம், பிறகு எத்தனையோ இடத்துக்கும் போட்டிருக்கலாம். ஆர்கைல் என்று ஒன்று இருப்பதையே கடையில் சொல்லவில்லை.

மறுநாள் அந்தக் கில்ட்டை நண்பனின் அப்பாவிடம் காட்டினேன். அவர் நிறத்தைப் பார்க்கவில்லை. கில்ட்டின் அடி ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார், பின்பக்கம் திருப்பினார், மெஷின் தையல் ஓடியிருந்த இடத்தைக் காட்டினார். அப்போதுதான் புரிந்தது. நல்ல கில்ட்டில் கீழே ஓரம் அடிக்க மாட்டார்கள். நம் வேட்டிக்குக் கரை இருப்பது போல, தறியிலேயே முடிந்த கரைதான் அடி விளிம்பாக வரும். ஓரம் அடித்திருந்தால் அது அகலத் துணியை வெட்டித் தைத்தது. உள்பக்கம் இடுப்புப்பட்டையில் லேபிள் ஒன்றைக் கத்தரித்து எடுத்த தடம், நாலு நூல் நுனிகளோடு அப்படியே இருந்தது. பின்னால் கொசுவங்களை எண்ணிப் பார்த்தார்; பாதித் துணிதான் இருக்கும் என்றார்.

அன்று ராத்திரி மனைவி, “பட்டுக்குப் பார்க்கிற மாதிரி ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்க” என்றாள். உள்மடிப்பிலிருந்து ஒரு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, சமையலறைத் தொட்டிமேல் கொளுத்தினோம். கம்பளியாக இருந்தால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். இது உருகிச் சொட்டியது. ஆறின பிறகு கறுப்பாக, கடுகு மாதிரி கெட்டியாக ஒரு மணி. நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. பிளாஸ்டிக் நூல்.

கடைக்குப் போனேன். அளவுக்குத் தைத்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார்கள். இந்தக் காகிதத்தைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள். பிரிட்டனில் 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் சொன்னபடி இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். அளவுக்குத் தைத்தது என்ற சாக்கு இதற்குச் செல்லாது. ஆனால் என்ன சொல்லி விற்றார்கள் என்று நீங்கள் காட்ட வேண்டும், என் ரசீது அங்கேதான் காலை வாரியது. இன்னொன்று: ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவின்படி கார்டு நிறுவனமும் முழுத் தொகைக்குப் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு அது கிடையாது.

கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்தேன். 85 பவுண்டு, மாடர்ன் பிளாக் வாட்ச், கரும்பச்சை ஹோஸ். அந்தக் கடைப் பெண் என்னை நிற்க வைத்து டேப் பிடித்தார், கில்ட் பின்னை மேல் மடிப்பில் மட்டும் குத்திக் காட்டினார். இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். ஹோஸில் செருகும் ஸ்கீயன் டூ கத்தியை விமானத்தில் போகும்போது கைப்பையில் வைக்காதே என்றும் சொல்லி அனுப்பினார். ஒரு தடவைதான் கட்டப் போகிறீர்கள் என்றால் வாடகையே போதும். வாங்குவதென்றால் கடைக்காரரிடம் அடி ஓரத்தை உங்கள் கண்முன் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்; டார்ட்டனின் பெயர், மாடர்னா ஏன்ஷியன்டா, கம்பளியா, எத்தனை கெஜம், எந்த நிறத் தோல் என்று ரசீதில் வரிவரியாக எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

டெபிட் கார்டுக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றாலும், வங்கியில் முறையிட்டதில் கார்டில் போன 170 திரும்பி வந்தது. ரொக்கம் 250 வரவில்லை. ஸ்காட்லாந்தின் ஷெரிஃப் நீதிமன்றத்தில் 5,000 பவுண்டு வரையிலான வழக்குகளுக்கு சிம்பிள் புரொசீஜர் என்று ஒரு வழி இருக்கிறது, வக்கீல் இல்லாமல் நாமே போடலாம். படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். என்ன பொருள் வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு நான் இணைக்க இருப்பது ‘கில்ட் செட் 1’ என்ற அந்த ரசீதும், லேபிள் வெட்டிய தடத்தின் படமும், ஒரு சின்ன டப்பாவில் அந்தக் கறுப்பு மணியும்தான்.