இம்பிளாண்ட் அசையவில்லை, பக்கத்துப் பல் போய்விட்டது: ஆறு வருடப் பாவனைக்குப் பிறகு

பனங்கிழங்கு அவிக்கிற மாதத்தில் எழுதுவதால் இதில் கொஞ்சம் கோபம் இருக்கும். கீழ் வலப்பக்க முதலாம் கொடுப்புப் பல்லின் இடத்தில் ஆறு வருடமாக ஒரு இம்பிளாண்ட் (எலும்புக்குள் திருகி இறக்கிய டைட்டேனிய வேர்) நிற்கிறது. அதற்கும் அதன் முன்னால் நிற்கிற சொந்தப் பல்லுக்கும் நடுவே தும்பு ஏறுகிறது. கிழங்குத் தும்பு, ஆட்டிறைச்சி நார், முருங்கைக்காய்ச் சக்கை, ஆவணியில் பனம்பழத் தும்பு. முதல் மூன்று வருடமும் இந்தத் தொல்லை இல்லை. போன கிழமைதான் இம்பிளாண்டின் மேல் பூட்டிய கிரவுணை, அதாவது செயற்கைப் பல்லைக் கழற்றி, இடைவெளிப் பக்கத்தைக் கட்டி, திரும்பப் பூட்டியாயிற்று. அதைக் கேள்விப்பட்ட கிளிநொச்சி நண்பர் கேட்டதோ வேறு கேள்வி: "மச்சான், உலோகத்தை எலும்புக்குள்ள வைச்சா உண்மையா ஒட்டுமோ?"

ஒட்டும். ஒட்டுகிற அந்த உறுதியில்தான் என் எரிச்சலின் வேரும் இருக்கிறது. 1952இல் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் முயல் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைப் பார்க்க ஒரு டைட்டேனியக் கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டது. 1965இல் முதல் மனிதருக்கு அதே உலோகத்தால் பல் வைத்தார். அந்த மனிதர் நாற்பது வருடம் அதே இம்பிளாண்டுகளோடு சாப்பிட்டு 2006இல் இறந்தார்.

பிடிப்பு இரண்டு கட்டமாக வருகிறது. முதலாவது வெறும் தச்சு வேலை: புரி எலும்பைக் கடித்து நிற்பது. வைக்கும்போது 35 நியூட்டன் சென்ரிமீற்றர் அளவுக்கு இறுக்கம் கிடைத்தால் வைத்தியர் திருப்திப்படுவார். இரண்டாவது உயிர் வேலை. காற்றுப் பட்டவுடனேயே டைட்டேனியத்தின் மேல் சில நனோமீற்றர் தடிப்பில் ஒக்சைட்டுப் படலம் உருவாகிவிடும். உடம்பு அதை அந்நியப் பொருளாக எடுத்து நாரால் மூடிக்கட்டுவதில்லை. எலும்புக் கலங்கள் நேரே அதன் மேல் எலும்பைப் படிய வைக்கின்றன. மணல் அடித்து அமிலத்தில் அரித்த மேற்பரப்பு, அதாவது ஒன்று இரண்டு மைக்ரோமீற்றர் சொரசொரப்பு, வழுவழுப்பான உலோகத்தைவிட இதற்குத் தோதானது.

இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, ஆட்கள் விழுவது அதில்தான். புரி நெரித்த பழைய எலும்பை உடம்பு முதலில் அரித்து எடுக்கும். அந்த இடத்தில் புது எலும்பு வரக் காலம் எடுக்கும். அதனால் மூன்றாம் நான்காம் கிழமையில் பிடிப்பு வைத்த அன்று இருந்ததைவிடக் குறைவு. ஆனால் தையலும் வெட்டியாயிற்று, வீக்கமும் வற்றியாயிற்று, நோவே இல்லை. அப்போதுதான் கச்சான் கொறிக்கத் தொடங்குவார்கள். இம்பிளாண்ட் 100 முதல் 150 மைக்ரோமீற்றருக்கு மேல் ஆடினால் எலும்புக்குப் பதில் நார் இழையம் வந்து மூடும். பிறகு அது இறுகவே இறுகாது. கழற்றி, எலும்பு ஆறும்வரை காத்திருந்து, மறுபடி வைக்கவேண்டும். முன்பெல்லாம் கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்கச் சொல்வார்கள். மேல்தாடையின் பின்பக்க எலும்பு சோத்தி என்பதுதான் காரணம். இப்போதைய மேற்பரப்புகளுக்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமை போதும் என்கிறார்கள். கிரவுண் போடும் நாளை முந்தச் சொல்லி வைத்தியரை நெருக்காதீர்கள்.

துளைப்பதிலும் ஒரு எதிரி உண்டு, சூடு. எலும்பு 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே செத்துவிடும். அதனால்தான் 2 மில்லிமீற்றர் துளைக்கருவியில் தொடங்கிப் படிப்படியாக அகலமாக்குகிறார்கள். குளிர்ந்த உப்புநீர் இடைவிடாமல் ஓடவேண்டும், துளைக்கருவியை உள்ளே வெளியே எடுத்தெடுத்துத் துளைக்கவேண்டும். மழுங்கிய கருவியால் அழுத்தித் துளைத்தால் அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். சில கிழமை கழித்து இம்பிளாண்ட் தானாகச் சுழலும். பக்கத்துப் பல்லுக்கு ஒன்றரை மில்லிமீற்றர், கீழ்த்தாடை நரம்புக் குழாய்க்கு இரண்டு மில்லிமீற்றர் இடம் விடவேண்டும். முப்பரிமாண ஸ்கான் இல்லாமல் சாதாரண எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துக் கீழ்க் கொடுப்புக்கு நாள் குறித்தால் எழும்பி வந்துவிடலாம்.

இதெல்லாம் ஒழுங்காக நடந்ததால் இன்றைக்கும் அந்த உலோகம் கல்லில் அடித்த முளைபோல நிற்கிறது. பக்கத்துப் பற்கள் அப்படி இல்லை. சொந்தப் பல் எலும்போடு ஒட்டியதல்ல. சுற்றிவர சுமார் 0.2 மில்லிமீற்றர் தடிப்பான நார்ப்படுக்கையில் தொங்குகிறது. கடிக்கும்போது 25 முதல் 100 மைக்ரோமீற்றர் வரை அமிழ்ந்து எழும். இம்பிளாண்ட் 3 முதல் 5 தான். அந்த நார்ப்படுக்கையின் தயவில்தான் பற்கள் ஆயுள் முழுக்க மெல்ல மெல்ல முன்னோக்கி நகர்கின்றன. வாய் நிறையச் சொந்தப் பல் இருந்தால் எல்லாம் சேர்ந்து நகரும், ஒருவருக்கும் தெரியாது. நடுவில் நகராத ஒருவர் நின்றால்? பின்னால் இருப்பவர் வந்து அவரில் முட்டிக்கொண்டு நிற்பார், முன்னால் இருப்பவர் போய்விடுவார். இடைவெளி பெரும்பாலும் இம்பிளாண்டின் முன்பக்கத்திலேயே திறக்கும். அரை மில்லிமீற்றரும் வராது. பெரிய இடைவெளி என்றால் தண்ணீர் கொப்பளிக்கவே போய்விடும். இந்தச் சின்ன இடைவெளி தும்பை ஆப்புப்போல இறுக்கிப் பிடிக்கும்.

இதை வைப்பதற்கு முன் ஒருவரும் சொல்லவில்லை. தொற்று வரலாம், நரம்பு விறைக்கலாம், ஒட்டாமல் போகலாம் என்று கையெழுத்து வாங்கிய தாளில் எல்லாம் இருந்தது. இது இல்லை. வேலை சுத்தமானது, வைத்தியரில் குறை சொல்ல முடியாது, ஆனாலும் கோபம் அடங்குவதில்லை.

திருத்த முடிந்ததற்கு ஒரே காரணம் கிரவுண் திருகாணியால் பூட்டியது என்பது. சீமெந்தால் ஒட்டியதென்றால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது செய்யவேண்டி வந்திருக்கும். இதில் மேலே உள்ள பூச்சைத் துளைத்து, உள்ளே அடைத்திருந்த டெஃப்ளோன் நாடாவை இழுத்தெடுத்து, திருகாணியைக் கழற்றினால் கிரவுண் முழுதாகக் கையில் வரும். ஆய்வுகூடத்தில் சூடாக்கி டைட்டேனிய அடியையும் அதன் மேலுள்ள சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கானையும் பிரிப்பார்கள். வாய்க்குள் வருடக்கணக்கில் ஈரம் குடித்த கிரவுணை நேரே உலையில் வைத்தால் வெடிக்கும். முதலில் மெதுவாக உலர்த்தவேண்டும். பிறகு குறைந்த சூட்டில் உருகும் பீங்கானை முன்பக்கத்தில் கட்டிச் சுட்டு, அடியோடு திரும்ப ஒட்டி அனுப்புவார்கள். பூட்டும்போது புதுத் திருகாணி கேளுங்கள், பழையதன் புரி தேய்ந்திருக்கும். நிறுவனம் சொன்ன அளவுக்கு, இதில் 35 நியூட்டன் சென்ரிமீற்றர், இறுக்கி, பத்து நிமிடம் விட்டு மறுபடி அதே அளவுக்கு இறுக்கவேண்டும். முதல் இறுக்கத்தில் உலோகத்தின் மேடுபள்ளம் நசிந்து கொஞ்சம் தளரும். இரண்டாவது இறுக்கத்தை விட்டால் சில மாதத்தில் கிரவுண் ஆடும், ஆட்களும் இம்பிளாண்டே போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். போகவில்லை, திருகாணி மட்டும்தான்.

பல் நூல் 'டக்' என்று இறங்கவேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் தொடுகை திறந்துவிட்டது என்று அர்த்தம். ஈர்க்காலும் சட்டை ஊசியாலும் குத்துகிற பழக்கத்தை விடுங்கள். இடைவெளிக்கு அளவான சின்னத் தூரிகை, கம்பியில் பிளாஸ்டிக் உறை உள்ளது, அதுதான் சரி. நீர் பீச்சும் கருவி நல்லதுதான், ஆனால் கேத்தில் அடியில் வெள்ளை கட்டுகிற கிணற்றுத் தண்ணீர் என்றால் ஊசிமுனை அடைபடும். காய்ச்சி வடித்த தண்ணீர் விடுங்கள். சும்மா விட்டால் முதலில் பழுதாவது இம்பிளாண்டல்ல, அதற்குப் பூச்சி பிடிக்காது. முன் பல்லின் வேரோரம் சொத்தையாகும். இரண்டாவதாக முரசு (ஈறு) வீங்கும். சொந்தப் பல்லில் முரசின் நார்கள் வேரில் குத்தி நிற்கும். இம்பிளாண்டில் அதன் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். காவல் மெல்லியது என்பதால் அழற்சி கெதியாக எலும்புக்கு இறங்கிவிடும். நோகாது. துலக்கும்போது இரத்தம் தெரிந்தால் அதுதான் அறிவிப்பு.

உணர்வு பற்றியும் ஒரு வார்த்தை. ஐஸ் பழம் கூசாது, கொதிக்கிற ஒடியல் கூழ் சுடாது, அது சுகம். ஆனால் நாட்டரிசிச் சோற்றில் கல் அகப்பட்டால் சொந்தப் பல் அரைக் கடியில் நிறுத்தும். இது நிறுத்தாமல் கடித்து முடித்துவிடும். புழுக்கொடியலை இந்தப் பக்கம் போடாதீர்கள், பீங்கான் விளிம்பு உடையும். மென்மையாகக் கடிக்கையில், கடி பார்க்கிற 8 மைக்ரோமீற்றர் தடிப்புத் தாள் இம்பிளாண்டில் பிடிபடாமல் வழுக்கவேண்டும், இறுக்கிக் கடிக்கையில் மட்டும் பிடிக்கவேண்டும். பூட்டுகிற அன்று வைத்தியர் இதைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கென்று சில விடயங்கள். முல்லைத்தீவிலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ இதற்காக யாழ்ப்பாணம் அல்லது கொழும்பு போகிறவர்கள் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை வாங்காமல் பஸ் ஏறவேண்டாம்: நிறுவனம், விட்டம், நீளம், தொகுதி இலக்கம். திருகாணித் தலைக்கான சாவி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். வைத்தியர் வெளிநாடு போய்விட்டால் அடுத்தவர் கையில் அந்தச் சாவி இல்லாமல் போகலாம். உதிரிகள் எல்லாம் இறக்குமதி, 2022இல் ரூபாய் விழுந்ததை ஞாபகம் வைத்து, கிரவுணின் விலையும் சேர்ந்ததா என்று முதலே கேளுங்கள். வெற்றிலை பாக்கு நீண்டகாலம் போட்டு வாய் மூன்று விரலுக்குத் திறக்காதவருக்குப் பின் கொடுப்பில் துளைக்கருவி நுழையவே இடம் வராது. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் முதலில் அதைப் பார்க்கவேண்டும். தாடையில், முகத்தில் செல் (எறிகணை) துண்டு இருந்தால் பதிவிலேயே சொல்லுங்கள்; ஸ்கானில் அதைச் சுற்றி வெள்ளைக் கீறல் விழுந்து எலும்பை மறைக்கும். டைட்டேனியம் காந்தத்துக்கு இழுபடாது, பிற்காலத்து எம்.ஆர்.ஐ.க்கு அது தடையில்லை. இரும்புத் துண்டின் கதை வேறு.

கட்டிய பக்கம் இப்போது இறுக்கமாக இருக்கிறது, நூலும் டக் என்று இறங்குகிறது, எவ்வளவு காலத்துக்கு என்பது முன் பல்லின் கையில். நண்பருக்குச் சொன்ன பதில்: வேண்டாமடா, பாலம் கட்டு. பக்கத்துப் பற்களில் தாங்கி நிற்கிற அந்தப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் நல்ல பல்லைச் சீவவேண்டும் என்பதும், அதற்கு அடியிலும் தும்பு போகும் என்பதும் தெரிந்தே சொன்னது. தை முடியட்டும், கிழங்குக் காலம் போகட்டும், மாசியில் திரும்பக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.