யுஏ 7+, 13+, 16+: சென்சார் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

குழந்தையோடு படத்துக்குப் போகிறவர்கள் சென்சார் சான்றிதழைப் பார்ப்பது பெரும்பாலும் தியேட்டர் இருட்டில்தான். படம் தொடங்கும் முன் 10 விநாடி வந்து போகும். அதற்குள் டிக்கெட் கிழித்தாயிற்று, பாப்கார்னும் வாங்கியாயிற்று. அதே எண் டிக்கெட் புக் செய்யும் ஆப்பில், படத்தின் மொழிக்கும் நேரத்துக்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம் அது.

1983 முதல் நம்மிடம் இருந்தது ஒரே ஒரு யுஏ. 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்பதோடு அதன் வேலை முடிந்தது. நாய்க்குட்டிப் படமும் அரிவாள் படமும் ஒரே முத்திரையில் வந்தன. 2023 சட்டத் திருத்தம் அதை மூன்றாகப் பிரித்தது. 2024 கடைசியிலிருந்து புதிய எண்களைப் பார்க்கிறோம். முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இந்த மூன்றும் பெற்றோருக்கான ஆலோசனை மட்டுமே. 16+ படத்துக்கு ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போனாலும் வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். தடை 'ஏ'வுக்கு மட்டும்தான். 2025இல் 'கூலி'க்கு ஏ கிடைத்தபோதுதான், ரஜினி படம் என்றாலும் 18 வயது ஆகாதவருக்கு அனுமதி இல்லை என்பது பல வீடுகளில் உறைத்தது.

எண் எதை அளக்கிறது? ரத்தம், கெட்ட வார்த்தை, போதை, கவர்ச்சி: வெட்டவோ மியூட் செய்யவோ கூடியவற்றை. அந்த வேலையைச் சென்சார் ஒழுங்காகவே செய்கிறது. குழந்தை எதற்குப் பயப்படும் என்பது வேறு கணக்கு. ஐம்பது அடியாட்கள் காற்றில் பறந்தால் ஐந்து வயசு கைதட்டிச் சிரிக்கும். அம்மா ஆஸ்பத்திரியில் கண்மூடிக் கிடக்கும் ஒரு காட்சிக்கு ராத்திரி முழுக்கத் தூங்காது. அந்தக் காட்சியில் வெட்ட எதுவும் இல்லை என்பதால் படம் தாராளமாக 'யு' வாங்கலாம். மியூட் செய்த வசவும் அப்படித்தான். சத்தம்தான் போகும், உதட்டசைவு போகாது. "இப்ப என்ன சொன்னாங்க?" என்று பக்கத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரி கேள்வி வரும்.

பழைய தமிழ்ப் படங்களின் 'யு'வில் இன்னொரு சிக்கல். 2011இல் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்குக்கு 'யு' சான்றிதழையும் நிபந்தனையாக்கியது. 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை 'யு' என்றால் காசு. கத்திக்குத்தை நாலு விநாடி குறைத்து, வசனத்தை அமுக்கி, 'யு' வாங்கினார்கள். கதையின் மூர்க்கம் அப்படியே இருக்கும். அந்த ஆறு வருடத்துப் படங்களின் 'யு'வை 7+ என்றே வைத்துக்கொள்வது நல்லது.

ஓடிடியில் எண் அதேதான், போடுகிற கை வேறு. 2021 விதிகளின்படி தளமே தன் படத்துக்கு வயது குறிக்கிறது. சென்சார் வாரியம் அங்கே இல்லை. தியேட்டரில் வெட்டியது ஓடிடியில் முழுசாகவும் வரலாம். எண்ணோடு வன்முறை, வசவு, போதை என்று ஒரு வரியும் காட்ட வேண்டும் என்பது விதி. எண்ணைவிட அந்த வரிதான் உருப்படியானது. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதியும் தரவேண்டும்.

நெட்ஃபிளிக்ஸில் அந்தப் பூட்டைப் போட, அக்கவுண்ட் பக்கத்தில் குழந்தையின் ப்ரொஃபைலைத் திறந்து வயது வரம்பை 7+ என வையுங்கள். வேண்டாத படத்தைப் பெயர் கொடுத்தும் அங்கேயே தடுக்கலாம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளை ஒரு பட்டன் தள்ளி அப்பாவின் ப்ரொஃபைலுக்குப் போய்விடும். நாலு இலக்க பின் நம்பர் (PIN) போட வேண்டியது பெரியவர்களின் ப்ரொஃபைல்களுக்கு, ஒவ்வொன்றுக்கும். பிறந்த வருடத்தையே பின் நம்பராக வைத்தால் ஒரு வாரம் தாங்காது.

எண் போதவில்லை என்றால், பிரிட்டன் திரைப்பட வகைப்பாட்டு வாரியத்தின் தளத்துக்குப் போங்கள். அங்கே திரையிடப்படும் தமிழ்ப் படங்களும் அதில் உண்டு. பிஜி, 12ஏ, 15 என்ற எண்ணுக்குக் கீழே என்ன மாதிரி வன்முறை, எவ்வளவு ரத்தம், குடும்பத்துக்குள் அடிதடி உண்டா என்று இலவசமாக, சில வரிகளில் எழுதியிருப்பார்கள். நம் சான்றிதழில் தேடினாலும் கிடைக்காத விவரம் இது. ஆனால் அங்கே ஓடும் பிரதியில் வெட்டு வேறாக இருக்கலாம், அதையும் கணக்கில் வையுங்கள். டப்பிங் படங்களிலும் இதே எச்சரிக்கை: ஒவ்வொரு மொழிக்கும் தனிச் சான்றிதழ் என்பதால், இந்திப் பிரதியின் எண்ணைப் பார்த்துத் தமிழுக்கு முடிவெடுக்கக் கூடாது.

எந்த எண்ணிலும் வராத ஒன்று, புகையிலை எச்சரிக்கைப் படம். கதையில் ஒரு சிகரெட் இருந்தாலே தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 விநாடி ஓட்டியாக வேண்டும். சிலவற்றில் புற்றுநோயாளியின் முகத்தையே நெருக்கத்தில் காட்டுகிறார்கள். சின்னப் பிள்ளை இருந்தால் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் தாமதமாக உள்ளே போங்கள். இடைவேளை முடிந்ததும் மறுபடி வரும், அப்போது கேன்டீன் வரிசையிலேயே கொஞ்சம் நின்றுவிடலாம்.