தைரொயிட் கழலை: ஒரு மடலை எடுப்பதா, முழுவதையும் எடுப்பதா?

கழுத்துக் கட்டிக்காக நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ கிளினிக் போய்வரும் நம் தோட்டத்துப் பெண்களுக்குச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள்: தைரொயிட் சுரப்பியின் ஒரு மடலை மட்டும் எடுப்பது, அல்லது முழுச் சுரப்பியையும் எடுப்பது. "பாதிய மட்டும் எடுங்கய்யா" என்பதே லயத்தில் பலரும் சொல்லிக்கொடுக்கும் பதில். அதில் நியாயம் உண்டு. ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது.

கட்டி ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து, ஸ்கானில் மறுபக்கம் சுத்தமாகத் தெரிந்தால், ஒரு மடலை எடுப்பதே மேல் என்பேன். எஞ்சிய மடல் பெரும்பாலானோருக்குப் போதுமான ஹோர்மோனைச் சுரக்கிறது. ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே பின்னர் தைரொக்சின் மாத்திரை தேவைப்படுகிறது. குரல்வளைக்குச் செல்லும் நரம்பும், கல்சியத்தைக் காக்கும் பரதைரொயிட் சுரப்பிகளும் ஒரு பக்கத்தில் மட்டுமே கத்திக்கு அருகில் வருகின்றன. முழுவதையும் எடுக்கும்போது இரண்டு நரம்புகளும் நான்கு பரதைரொயிட் சுரப்பிகளும் ஆபத்துக்கு உள்ளாகின்றன. கல்சியம் குறைந்தால் உதட்டைச் சுற்றியும், கொழுந்து கிள்ளும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவது போன்ற விறுவிறுப்பு தொடங்கும். அதை உடனே சொல்லிவிட வேண்டும்.

இரு பக்கமும் முடிச்சுகள் நிறைந்திருந்தால் கணக்கு மாறுகிறது. என் பெரியம்மா மாத்திரைக்குப் பயந்து ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். சில ஆண்டுகளில் மறுபக்கம் வளர்ந்து, படுத்தால் மூச்சு முட்டும் நிலை வந்தது. பழைய தழும்புக்குள் நரம்பைத் தேடிப் பிரிப்பது முதல் முறையை விடக் கடினம். இரண்டாம் சத்திரசிகிச்சைக்குப் பின், அடுத்த மலையில் நிற்பவரையும் கூப்பிட்டு நிறுத்தும் அவருடைய குரல் பல மாதங்கள் வெறும் காற்றாகவே வந்தது. இத்தகைய கழலைக்கும், தைரொயிட் அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் மருந்துக்கு அடங்காமல் சத்திரசிகிச்சை முடிவானபோதும், முழுவதையும் ஒரே முறையில் எடுப்பதே நல்லது.

முழுவதையும் எடுத்தால் தைரொக்சின் மாத்திரை வாழ்நாள் முழுவதும்தான். ஆனால் பயப்படும் அளவுக்கு அது பெரிய சுமையன்று. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது கழித்தே தேநீர் குடிக்க வேண்டும். இரத்தச்சோகைக்குத் தரும் இரும்பு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குப் போகுமுன் பிளேன்டீ குடித்தே பழகிய பெரியம்மா, இப்போது அடுப்பு மூட்டும்போதே மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். ரொட்டி சுட்டு முடியும்வரை தேநீர்க் கோப்பையைத் தொடுவதில்லை.