உலர்ந்த மரவள்ளிச் சீவலும் திப்பியும்: கோழித் தீவனமாக எவ்வளவு தேறும்?

மூட்டையின் மேல் ‘கோழிகளுக்கான முழுத் தீவனம்’ என்று அச்சிட்டு எனக்கு விற்கப்பட்ட உலர்ந்த மரவள்ளிச் சீவல், அந்த அச்சுக்கு ஏற்ற பொருள் அன்று. மக்காச்சோளத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாக மட்டும் பயன்படுத்துவதாயின் வாங்கத் தகுந்த சரக்குதான். நன்கு காய்ந்த சீவல் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3,000 கிலோகலோரி எரிசக்தியைக் கோழிக்குத் தருகிறது. மக்காச்சோளத்துக்குச் சற்றே குறைவு, அவ்வளவே. ஆனால் மக்காச்சோளத்தில் 8 முதல் 9 சதவீதம் இருக்கும் புரதம் இதில் 2 முதல் 3 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. 17 சதவீதப் புரதமுள்ள முட்டைக்கோழித் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சீவலைப் போட்டால், மொத்தப் புரதம் 14 சதவீத அளவுக்கு இறங்கிவிடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே ‘முழுத் தீவனம்’ என்ற சொல் எவ்வளவு தவறானது என்பது புரியும். சுண்ணாம்புச் சத்தும் அதே விகிதத்தில் குறைவதால் முட்டை ஓடு மெலியும். வளரும் குஞ்சுகளுக்கு இதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

சரக்கின் தரத்தை முடிவுசெய்வது உலர்த்தல். மரவள்ளியில் உள்ள லினமரின் என்னும் பொருள், கிழங்கு வெட்டுப்பட்டுத் திசுக்கள் சிதையும்போது நொதியால் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சை வெளியிடுகிறது. அது 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் சேர்மம் என்பதால், சீவி வெயிலில் பரப்பினால் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். தடித்த துண்டுகளின் நடுப்பகுதி எளிதில் காய்வதில்லை. எனவே மூட்டையைப் பிரித்ததும் ஒரு கை சீவலை எடுத்து ஒடித்துப் பாருங்கள். படக்கென்று முறிந்து உட்புறம் வெள்ளையாக இருந்தால் நல்லது. வளைந்துகொடுத்தாலோ, விளிம்பில் பச்சையும் கறுப்புமாகப் பூசணப் புள்ளிகள் தென்பட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம். ஈரம் 13 சதவீதத்துக்கு மேலிருக்கும் சீவல் கிடங்கில் நிலைப்பதில்லை. பூசணத்தோடு அஃபிளாடாக்சின் நச்சும் வந்துசேரும், அதைக் கழுவியோ மறுபடி காயவைத்தோ போக்க முடியாது.

எஞ்சியிருக்கும் சிறிதளவு சயனைடைக் கோழியின் உடல் நச்சுத்தன்மை குறைந்த தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றுகிறது. அதற்குக் கந்தகம் தேவை. அந்தக் கந்தகம் பெரும்பாலும் புரதத்தின் கூறுகளான மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. மரவள்ளியிலோ மெத்தியோனின் மிகக் குறைவு. ஆகவே, சீவலோடு சோயாப் பிண்ணாக்கையோ மீன்தூளையோ சேர்த்தே ஆகவேண்டும். மெத்தியோனின் நிறைந்த எள்ளுப் பிண்ணாக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. இப்படிச் சமன்செய்யும் பட்சத்தில், மொத்தத் தீவனத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை சீவல் சேர்ப்பது பாதுகாப்பான அளவு.

இதே சரக்கு பொடியாகவும் விற்கப்படுகிறது. நான் அதை வாங்க மாட்டேன். கோழி ஒவ்வொரு முறை கொத்தும்போதும் வெள்ளைத் தூசு கிளம்புகிறது, அலகின் ஓரத்தில் பசைபோல் ஒட்டிக்கொள்கிறது, தீவனத் தொட்டியில் பாதி வீணாகிறது. சீவலாக வாங்கி நொய் அளவுக்கு உடைத்துக்கொள்வதே மேல். பொடிதான் கையில் இருக்கிறது என்றால் சிறிது எண்ணெயோ வெல்லப்பாகோ தெளித்துப் பிசறிவிடலாம்.

திப்பி வேறு கதை. மாவுச்சத்தைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் இந்தச் சக்கையில் மாவு ஓரளவு மிஞ்சியிருந்தாலும், நார் கூடுதல், புரதம் மிகச் சொற்பம். வளர்ந்த கோழிகளின் வயிற்றை நிரப்பும், முட்டையை நிரப்பாது. ஈரமாக வரும் திப்பி விரைவில் புளித்து நாறும் என்பதால் காய்ந்ததை மட்டுமே, அதுவும் சிறிய அளவில், வாங்கலாம். தோல் நிலை இன்னும் மோசம்: சதைப்பகுதியைவிடச் சயனைடு அதிகம், ஒட்டிய மண்ணும் சேர்ந்தே எடைபோடப்படுகிறது.

மஞ்சள் கரு வெளுத்துப்போவது பலரும் சொல்லும் குறை. அது உண்மைதான், மஞ்சள் மக்காச்சோளத்தில் உள்ள சாந்தோஃபில் நிறமிகள் கிழங்கில் இல்லை. செம்மஞ்சள் நிறச் சர்க்கரைவள்ளியைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு, ஆனால் அதிலுள்ள பீட்டா கரோட்டின் கருவுக்கு நிறம் ஏற்றுவதில் மிகவும் பலவீனமானது. பசுங்கீரையே அதற்குத் தக்க மருந்து. தவிர, வேகவைக்காத சர்க்கரைவள்ளியில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால், அதை வேகவைத்தே கொடுக்கவேண்டும். பச்சை பாரித்த உருளைக்கிழங்கை வேகவைத்தும் பயனில்லை, அதிலுள்ள சோலனைன் என்னும் நச்சு சமையல் சூட்டுக்கு அழியாது.