முதல் சோலோவுக்கு முன்: 152ஆ, 172ஆ, வீட்டு சிமுலேட்டரா?

குரோம்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு பைலட் பயிற்சிக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறான். "அண்ணா, செஸ்னா 152 இருக்கிற இடத்துல சேரட்டுமா, 172 இருக்கிற இடத்துலயா?" என்று கேட்டான். இரண்டுமே சின்னப் பயிற்சி விமானங்கள். அவன் அப்பாவின் கவலை வேறு: "நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே பாதி பழகிட்டா செலவு மிச்சமாகாதா தம்பி?"

முதல் சோலோ என்பது, இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் மாணவன் தனியாகப் பறக்கும் ஒரே ஒரு சுற்று. ஏறி, 1,000 அடியில் ஓடுபாதைக்கு இணையாகப் பறந்து, திரும்பி இறங்க வேண்டும். ஏழெட்டு நிமிட வேலைதான். அதற்கு முன் இன்ஸ்ட்ரக்டரோடு பறக்கும் மணிக்கணக்கில் பெரும்பகுதி, தரையைத் தொடுவதற்கு முந்தைய கடைசி இருபது அடியைப் பழகுவதில் போய்விடும். அதனால் இந்தக் கட்டத்தில் நாம் காசு கொடுத்து வாங்குவது மணி நேரத்தை அல்ல, லேண்டிங்குகளை. என் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். மீனம்பாக்கத்தில் ஏர்பஸ்களுக்கு நடுவே ஒரு செஸ்னா காலை முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்க இடம் கிடைக்காது. சேலம் மாதிரி ஊருக்குப் பெட்டி கட்டியே ஆகவேண்டும்.

152க்கு இரண்டு சீட், 110 குதிரைத்திறன், அதிகபட்ச எடை 757 கிலோ. உள்ளே உட்கார்ந்தால், தாம்பரம் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒட்டிக்கொண்ட மாதிரி தோளோடு தோள் இடிக்கும். தயாரிப்பு 1985இலேயே நின்றுவிட்டதால் இன்று பறப்பது எல்லாமே பழசு. ஆனால் கற்றுக்கொடுப்பதில் ஈவு இரக்கம் இல்லாத வாத்தியார் அது. ரட்டரை, அதாவது மூக்கை இடம் வலம் திருப்பும் கால் பெடலை, சரியாக மிதிக்காவிட்டால் உடனே மூக்கைத் திருப்பிக் காட்டிக் கொடுக்கும். கார்புரேட்டர் எஞ்சின் வேறு. நம் கடலோரப் புழுக்கத்தில், 30 டிகிரி வெப்பத்தில்கூட, பவரைக் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டருக்குள் பனி கட்டலாம். முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன். அதற்காகவே கார்ப் ஹீட், அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் லீவரை, இழுக்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும்.

152இன் எதிரி வெயில். சேலம் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. 38 டிகிரி அடிக்கும் மதியத்தில் அங்கே காற்று அவ்வளவு லேசாகிவிடுவதால், விமானம் 4,000 அடியில் இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும். மாணவனும் இன்ஸ்ட்ரக்டரும் ஆளுக்கு 90 கிலோ என்றால் டேங்கை நிரப்ப முடியாது. ஏறுவதும் நொண்டி நொண்டித்தான். விடிகாலை ஸ்லாட் கிடைக்காத நாளில் 152 மாணவன் சும்மா உட்கார்ந்திருப்பான்.

172எஸ் மாடலுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. நாலு சீட், 180 குதிரைத்திறன், 1,157 கிலோ. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்பதால் கார்ப் ஹீட்டே கிடையாது. காற்றடித்தாலும் பெரிதாக அலைபாயாது, சின்னத் தப்புகளை மன்னித்துவிடும். எனக்கு அதில் பிடிக்காதது அந்த மன்னிப்புதான். ஜி1000 என்ற டிஜிட்டல் கருவித் திரை உள்ள விமானமாக இருந்தால் இன்னொரு தொல்லை: பையன் வெளியே பார்க்காமல் திரையைப் பார்த்தே ஓட்டுவான். லேண்டிங்குக்கு வேண்டியது ஓடுபாதையின் கடைக்கோடியில் நிற்கும் கண். வாடகையும் கூடுதல். ஆனால் லைசென்ஸுக்கு வேண்டிய 200 மணி நேரத்தில் மிச்சத்தையும் இதிலேயே முடிக்கலாம், இடையில் விமானம் மாற வேண்டியதில்லை.

சரி, சிமுலேட்டர். வீட்டில் ஓட்டுவது, பறந்த மணிகளைப் பதியும் லாக் புக்கில் ஏறாது. செக்லிஸ்ட், ரேடியோவில் பேசும் வரிசை, அந்தச் சுற்றில் எங்கே எந்த லீவர் என்பதற்கெல்லாம் அருமையான கருவி. ஃப்ளேர் மட்டும், அதாவது தரையைத் தொடும் முன் மூக்கை மெல்லத் தூக்குவது, அதில் வராது. தரை எழும்பி வருவதை ஓரக்கண்ணால் உணர்வதும், சீட்டுக்கு அடியில் விமானம் தொய்வதும் மானிட்டரில் ஏது? பெடல் வாங்காமல் ஜாய்ஸ்டிக்கோடு பழகிய பையன்கள் நிஜ டேக்-ஆஃபில் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், கால் தூங்கிக்கொண்டிருக்கும். செலவு செய்வதானால் முதலில் பெடல் வாங்குங்கள் என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். அதுவும் இல்லையென்றால் காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, நாற்காலி போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பழகினாலே பாதி வேலை முடியும்.

பையன் எடை 70 கிலோ. அதனால் 152தான் என் ஓட்டு. சோலோ அன்று இன்ஸ்ட்ரக்டர் இறங்கிப் போனதும் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். விமானம் குதித்து ஏறும், இறங்கும்போது தரையைத் தொட மறுத்து மிதக்கும். அதை அவன் அனுபவிக்க வேண்டும். அப்புறம், எந்த விமானமாக இருந்தாலும், எத்தனை பறக்கும் நிலையில் இருக்கிறது, ஒன்றுக்கு எத்தனை மாணவர்கள் என்று கேட்டுவிட்டுக் காசு கட்டு என்றேன்.

போன வாரம் ஓர் இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு போன் செய்தான்.

"நாலு 172 நிக்குதுண்ணா, ரெண்டுதான் பறக்குது."

"எத்தனை பசங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன். டீ சாப்பிடறீங்களான்னு கேக்கறாங்க."